வெடிக்காத காய் வேண்டுமா?

எள் அறுப்புக்கு நாள் குறிப்பது நெல் அறுப்புக்கு நாள் குறிப்பது போலன்று. நெல் சில நாள் பொறுக்கும், எள் பொறுக்காது. செடியின் அடிக்காய்கள் பழுத்து மஞ்சளிக்கும் வேளையில் நுனியில் இன்னும் பூ இருக்கும். நுனிக்காய் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வாய் பிளந்து மண்ணுக்கு இறைத்துவிடும். அடிக்காயைக் காக்க முந்தி அறுத்தாலோ நுனிக்காய் சப்பையாய்ப் போகும். ஆகவே நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது ஒரு சமரசமே: பாதி பச்சையாக இருக்கையில் அறுத்து, வட்டமாக அடுக்கி, வைக்கோல் மூடிச் சில நாள் புழுங்கவிட்டு, பிறகு வெயிலில் உலர்த்தித் தலைகீழாய்ப் பிடித்துத் தட்டுவது. இந்தச் சமரசத்தில் இரு பக்கமும் கொஞ்சம் நஷ்டம் உண்டு. "எள் விழ இடமில்லை" என்று திருவிழாக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லுவார்கள். எள் விழும் இடம் எது என்று கேட்டால், அது நம் வயல்தான்.

இந்த நஷ்டம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. புத்தகத்தில் ஏறுவது களத்துக்கு வந்த சரக்கு மட்டுமே. மண்ணில் தங்கியது எவ்வளவு என்று எவரும் பற்று எழுதுவதில்லை. ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. ஆயிரம் எள் மணி ஏறக்குறைய 3 கிராம் எடையுள்ளது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஆயிரம் மணி சிந்திக் கிடந்தால், உள்ளங்கை அகலத்துக்குப் பத்து மணி என்றாகிறது. குனிந்து பார்ப்பவர் கண்ணுக்கும் அது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால் ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர் அல்லவா? அந்தக் கணக்கில் ஏக்கருக்குச் சிந்தியது 12 கிலோ. ஏக்கருக்கு 200 கிலோ எடுக்கும் குடியானவருக்கு இது நூற்றுக்கு ஆறு. உளுந்தின் மணி பெரிது. ஆயிரம் மணி 40 கிராம் அளவில் நிற்கும். சதுர மீட்டருக்கு நூறு மணி தெறித்தாலே ஏக்கருக்கு 16 கிலோ போயிற்று. கடைசி நாளில் சிந்தும் இந்த மணிகளுக்கும் விதை, எரு, களை எடுத்த கூலி, சங்கத்துக் கடனின் வட்டி எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பூச்சி அரித்த பயிரில் நாம் இழப்பது வரப்போகும் விளைச்சலை. வெடித்த காயில் நாம் இழப்பதோ விளைந்து முடிந்த விளைச்சலை.

காய் ஏன் வெடிக்கிறது என்ற வினாவுக்குச் சென்ற முப்பது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் மிகத் தெளிவான விடை கண்டிருக்கிறார்கள். அந்த விடையை நமது அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம். ஏனெனில் வெடிக்காத காய் வேண்டுமா, வேண்டுமாயின் எவ்வளவு வெடிக்காத காய் வேண்டும் என்பதை ஆராய்ச்சி நிலையங்கள் தாமே தீர்மானித்துவிட இயலாது. அறுப்பவரும் அடிப்பவரும் சொல்ல வேண்டிய சொல் அதில் ஒன்று உண்டு.

காட்டுச் செடிக்குக் காய் வெடிப்பது நோயன்று. அதுவே அதன் பிழைப்பு. தாய்ச் செடியின் காலடியிலேயே எல்லா விதையும் விழுந்தால் ஒன்றையொன்று நெருக்கி மடியும். தெறித்துச் சிதறினால் சிலவாவது தழைக்கும். இதற்காகக் காயில் ஒரு தையல் வைத்திருக்கிறது செடி. காய் என்பது மடித்துத் தைத்த இலைதான் என்பது தாவர நூலோர் கொள்கை. உளுந்துக் காயின் முதுகிலும் வயிற்றிலும் ஓடும் கோடுகளைப் பார்த்தால் இது விளங்கும். அந்தத் தையல் ஓரத்தில் மெல்லிய சுவருடைய செல்கள் ஒரு வரிசையாய் அமைந்துள்ளன. செல்லைச் செல்லோடு ஒட்டி வைப்பது பெக்டின் என்னும் பசைப் பொருள். காய் முற்றுகையில் செடியே ஒரு நொதியைச் சுரந்து அந்தப் பசையைக் கரைத்துவிடுகிறது. அதற்குப் பாலிகாலக்டுரோனேஸ் என்று பெயர். பெயர் நீளம், வேலை எளிது. செல்லின் சுவரையே அரிக்கும் செல்லுலேஸ் என்ற இன்னொரு நொதியும் அதே இடத்தில் அதே வேளையில் பெருகுகிறது. தையல் இற்றுப்போகிறது.

நொதி என்றதும் இது ஏதோ ஆய்வுக்கூடத்துச் சங்கதி என்று நெசவாள அங்கத்தினர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சணப்பையும் புளிச்சையையும் தண்ணீரில் ஊறப்போட்டால் நார் ஏன் பிரிகிறது? தேங்காய் மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் புதைத்து வைப்பது எதற்கு? நாரை நாரோடு ஒட்டியிருக்கும் இதே பெக்டின் பசையை நீரில் உள்ள நுண்ணுயிர்கள் இதே வகை நொதிகளால் கரைக்கின்றன. இன்று ஆலைகளில் பருத்தி நூலைச் சாயத்துக்குப் பக்குவப்படுத்தக் காரத்தில் கொதிக்க வைப்பதற்குப் பதிலாகப் பெக்டினைக் கரைக்கும் நொதியை இடுவதும் உண்டு. துணியில் ஏற்றிய கஞ்சியை நீக்குவதற்கு வேறொரு நொதியை இடும் பழக்கம் அதற்கும் முந்தியது. ஊறல் குழியில் நடப்பதைக் காய் தன் தையலில் தானே நடத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் தையல் இற்றால் மட்டும் காய் தெறித்துவிடாது. இழுக்கும் விசை ஒன்று வேண்டும். அந்த விசை உலர்வதிலிருந்து வருகிறது. கடுகுக் குடும்பத்துக் காய்களில் தையலுக்கு ஒட்டினாற்போல் லிக்னின் என்னும் கட்டைப்பொருள் ஏறிய வரிசை ஒன்று இருக்கிறது. மற்றச் செல்கள் வற்றிச் சுருங்குகையில் இது சுருங்காது நின்று வில்லைப் போல் விறைக்கிறது. பயறு வகைகளில் ஏற்பாடு வேறு. காயின் இரு ஓடுகளிலும் உள்ள நார்கள் சாய்வாக, ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாக ஓடுகின்றன. உலரும்போது ஒவ்வோர் ஓடும் முறுக்கிக்கொள்ளப் பார்க்கிறது. முறுக்கு மிகுந்த நூலைக் கையிலிருந்து தளர்த்தினால் தானே சுருண்டு மடிந்துகொள்வதைத் தறியில் அமர்ந்தவர் எல்லோரும் கண்டிருப்பர். வெடித்து வீழ்ந்த உளுந்து ஓடு திருகுசுருளாய்க் கிடப்பதும் அதே காரணம் பற்றியே. பனி ஈரம் காயும் முன் விடியற்காலையில் உளுந்து பிடுங்க வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்தியது வெறும் பழக்கமன்று. ஈரத்தில் ஓட்டின் முறுக்கு தளர்ந்திருக்கும்.

இனி, இந்த வேலைகளை இன்ன இடத்தில் இன்ன நாளில் செய் என்று ஏவுவது யார்? அதுதான் ஜீன் என்னும் மரபணு. ஒரு செடியின் எல்லாச் செல்களிலும் ஒரே ஜீன்கள்தாம் இருக்கின்றன. வேரின் செல்லிலும் தையலை அறுக்கும் ஜீன் உண்டு. ஆயினும் வேர் பிளப்பதில்லை. எந்த ஜீன் எந்த இடத்தில் எப்போது விழித்து வேலை செய்கிறது என்பதே செடியின் சூட்சுமம். இதைத்தான் ஜீனின் வெளிப்பாடு என்கிறார்கள். வீடு முழுவதும் மின்கம்பி ஓடினாலும் பொத்தானைப் போட்ட அறையில்தானே விளக்கு எரிகிறது?

இந்தப் பொத்தான்களை முதலில் கண்டறிந்தது அராபிடாப்சிஸ் என்னும், கடுகின் உறவான ஒரு சிறு களைச்செடியில். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஆராய்ந்தோர் 2000-ஆம் ஆண்டில் இரண்டு ஜீன்களைப் பற்றி வெளியிட்டனர். ஒன்று கெட்டால் காய்க்கு ஒன்றும் நேரவில்லை. இரண்டும் கெட்டால் காய் மூடியபடியே நின்றது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஷாட்டர்ப்ரூஃப்', அதாவது சிதறாதது. அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் ராஜனி, சுந்தரேசன் என்ற இருவர் மற்றொன்றைக் கண்டனர். அது கெட்டால் விதை காய்க்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது. எவரும் தப்பமுடியாதது என்று பெயர் பெற்றிருந்த பழைய அமெரிக்கச் சிறைத் தீவான அல்கட்ராஸின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். விஞ்ஞானிகளுக்கும் நகைச்சுவை உண்டு. இவற்றுக்கெல்லாம் எதிரியாக, 'இந்த எல்லைக்கு அப்பால் வராதே' என்று தையல் ஜீன்களைத் தடுத்து நிறுத்தும் 'ஃப்ரூட்ஃபுல்' என்ற ஜீனும் உண்டு. பசையைக் கரைக்கும் நொதிக்குரிய ஜீன்களில் குறிப்பிட்ட இரண்டும் பழுதுற்றால் காய் பிளப்பதில்லை என்பது 2009-இல் நிறுவப்பட்டது.

பயிர்களில் நடந்ததோ இதனினும் வியப்பு. நெல்லுக்கு வெடிக்கும் காய் இல்லை. மணி காம்பிலிருந்து கழன்று உதிர்வதே அதன் சிதறல். 2006-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், அந்நாட்டு நெல் உதிராது நிற்பதற்குரிய காரணம் ஒன்றைத் தேடிச் சென்று, ஒரே ஓர் எழுத்து மாற்றத்தில் போய் முடித்தார்கள். அந்த மாற்றமும் ஜீனுக்குள் இல்லை. ஜீனுக்குப் பன்னிரண்டாயிரம் எழுத்துகள் முன்னால், பொத்தான் இருக்கும் இடத்தில் இருந்தது. ஜீன் பழுதின்றி இருக்கிறது. மணிக்காம்பில் மட்டும் அது விழிப்பதில்லை. 2011-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரத்தார், கடுகு இனத்தில் இந்த ஜீனின் உறவான ஜீனுடைய பொத்தானிலும் அதே இடத்து அதே எழுத்தின் மாற்றம் காயின் தையல் சட்டத்தை மாற்றியிருப்பதைக் காட்டினர். நெல்லைப் பண்படுத்தியவன் உழவன். கடுகில் அதைச் செய்தது இயற்கை. இருவர் கையும் ஒரே எழுத்தில் பட்டிருக்கிறது.

பண்டை உழவன் இதை அறிந்து செய்தானில்லை. உதிர்ந்த மணி மண்ணோடு போயிற்று; உதிராத மணி வீட்டுக்கு வந்து மறு வருடம் விதையாயிற்று. நூறு நூறு அறுப்புகளில் உதிராமையே தேறி நின்றது. அப்படியானால் எள் ஏன் தேறவில்லை? இந்தத் துணைக்கண்டத்திலேயே பயிராகிப் பண்பட்டதும், ஹரப்பாவின் இடிபாடுகளில் கரிந்த மணியாய்க் கிடைத்ததுமான இத்தனைப் பழைய பயிர், இன்னும் காட்டுச் செடியைப் போலவே வாய் பிளக்கிறது. உலகில் விளையும் எள்ளில் மிகப் பெரும்பகுதி இன்றும் வெடிக்கும் இரகமே. நமக்குத் தோன்றும் காரணம் இது: எள்ளை நாம் வெடிக்கும் முன்பே அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். வெடிப்பதும் வெடிக்காததும் களத்தில் ஒன்றாகவே சேர்ந்தன, தேர்வு நடக்கவில்லை. மேலும் களத்தில் காய் வெடிப்பது நமக்கு உதவியும் ஆயிற்று. தலைகீழாய்ப் பிடித்துத் தட்டினால் விதை முழுதும் கொட்டிவிடும். செக்கோ, உலக்கையோ, மாட்டுக் காலோ தேவையில்லை. வயலில் திருடனாய் இருப்பவனே களத்தில் வேலைக்காரனாய் இருக்கிறான்.

இந்த இரட்டை வேடத்தை மறந்து காயை முற்றிலும் மூடிவிட முயன்றவர்கள் பட்ட பாட்டை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1943-இல் வெனிசுவேலா நாட்டில் லாங்ஹாம் என்ற அமெரிக்க நிபுணர், காய் சிறிதும் வெடிக்காத எள் செடி ஒன்றைக் கண்டார். இயற்கையாய்த் தோன்றிய ஒரு திரிபு அது. எள் உலகம் ஆரவாரித்தது. இனி இயந்திரத்தால் அறுக்கலாம் என்று அமெரிக்காவில் அதைக் கொண்டு இரகங்கள் உண்டாக்கினர். ஆனால் அந்தச் செடியில் இலை கிண்ணம் போல் சுருண்டது, தண்டு திருகியது, காய் குட்டையாயிற்று, விளைச்சல் குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காயை உடைக்க வேகமாய் அடிக்க வேண்டியிருந்ததால் விதை நசுங்கியது. நசுங்கிய எள்ளில் அமிலம் ஏறும். காறல் வாடை வரும். எண்ணெய்க்குச் செக்கு வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலை ஏன் சுருண்டது என்பதற்கும் பின்னாளில் விளக்கம் கிடைத்தது. 2018-இல் சீன ஆராய்ச்சியாளர்கள், இலை சுருளும் வெடிக்காத எள்ளில் பழுதுபட்டிருந்த ஜீனை அடையாளம் காட்டினர். அது இலைக்கு மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது என்று வகுக்கும் ஜீன் குடும்பத்தைச் சேர்ந்தது. காய் என்பது மடித்த இலைதான் என்று மேலே கூறினோம். இலையைக் கெடுக்காமல் காயை மட்டும் மூட அந்த வழியில் இயலாது.

கடுகிலும் இதே பாடம். தடுப்பு ஜீனாகிய 'ஃப்ரூட்ஃபுல்' எங்கும் வேலை செய்யும்படி 2006-இல் ஆய்வாளர்கள் நம் நாட்டில் பயிராகும் கடுகு இனத்தில் செய்து பார்த்தார்கள். காய்கள் வெடிக்கவில்லை, வெடிக்காததோடு, விதை எடுக்கவும் இணங்காத அளவுக்கு இறுகிவிட்டன. ஐரோப்பாவின் ரேப் கடுகில் சாதாரணமாகவே 10 முதல் 25 சதவீதம் வரை சிதறிப் போவதுண்டு. பருவம் கெட்டால் பாதியும் போகும். எனவே அங்கே இந்த ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் செலவிடப்பட்டது. கடைசியில் பயன்பட்ட வழி, ஜீனை முற்றிலும் அணைப்பதன்று. பாதி மங்க வைப்பதே. தையல் கொஞ்சம் இறுகும். காற்றுக்கும் மழைக்கும் தாங்கும். இயந்திரத்தின் அடிக்குத் திறக்கும். சோயா மொச்சையில் இத்தகைய நடுவழி தானாகவே வாய்த்திருந்தது. ஓட்டின் முறுக்கை மிகுவிக்கும் ஜீன் ஒன்று பழுதான செடிகளையே வறண்ட பிரதேசத்து உழவர்கள் பேணி வந்திருக்கிறார்கள் என்று 2014-இல் தெரியவந்தது. தையல் இற்றாலும் முறுக்கு இல்லாததால் காய் பொறுமையாய் நிற்கிறது. பயறு, உளுந்து வகைகளுக்கு நாம் பின்பற்ற வேண்டிய மாதிரி இதுவென்றே எண்ணுகிறோம்.

நெசவாளருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர் பருத்தியை நினைக்க வேண்டும். பருத்தியில் காய் வெடிப்பதே விளைச்சல். மழையாலோ பூச்சியாலோ சரிவர விரியாத காயில் பஞ்சு கறைபட்டு, நார் முதிராது நின்று, நூலில் முடிச்சும் அறுந்த இழையுமாய் வந்து தறியில் உட்கார்ந்திருப்பவரைச் சோதிக்கிறது. அமெரிக்காவில் எல்லாக் காயும் ஒரே சமயத்தில் திறக்கட்டும் என்று மருந்து தெளிப்பார்கள். அதே நாட்டின் டெக்ஸாஸ் சமவெளியிலோ, விரிந்தும் பஞ்சைக் காற்றுக்கு விட்டுக்கொடாது பிடித்து நிற்கும் 'புயல் தாங்கி' இரகங்களை விரும்பினார்கள். இலவு இன்னொரு கோடி. இலவங்காயை வெடிக்கும் முன்பே பறித்துவிட வேண்டும். பழுக்கும் என்று காத்திருந்த கிளி கண்டது பறக்கும் பஞ்சைத்தான். திறப்பது நல்லதா, மூடியிருப்பது நல்லதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. யார் எப்படி அறுக்கிறார் என்பதைப் பொறுத்தே விடை.

இங்கேதான் நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எள்ளில் இன்று வெளிநாட்டில் தேர்ந்துள்ள காய் எப்படிப்பட்டது? நுனி சிறிது திறக்கும். விதையோ காய்க்குள் ஒட்டிப் பிடித்து நிற்கும். செடி நின்றபடியே முழுதும் காய்ந்த பின் பெரிய இயந்திரம் வந்து அறுத்து அடித்துக்கொள்ளும். லாங்ஹாமின் மகனும் அவருடைய அமெரிக்கக் கம்பெனியும் பல்லாண்டு உழைத்து இதனைச் சாதித்தனர். 2000-ஆம் ஆண்டு முதல் அதற்குப் பேட்டண்டுகளும் பெற்றனர். அவர்கள் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது அவர்களது வயலுக்கு, அவர்களது இயந்திரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அரை ஏக்கரும் முக்கால் ஏக்கருமாய் நெல் தரிசில் எள் விதைத்து, நாலு பெண் ஆட்களை வைத்துத் தட்டி எடுக்கும் நம் அங்கத்தினருக்கு, விதையை விடாப்பிடியாய்ப் பிடித்து நிற்கும் காய் கூலியை இரட்டிப்பாக்கும். நமக்கு வேண்டியது முதிர்ந்த பின் ஒரு வாரம், பத்து நாள் தாங்கி நின்று, தட்டினால் கொட்டிவிடும் காய். அதோடு அடியும் நுனியும் அதிக இடைவெளியின்றி ஒருங்கே முதிரும் செடியும் வேண்டும். பின்னதை மறந்து முன்னதை மட்டும் தேடுவது பாதி வேலை.

ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறதே, இனி இயந்திரந்தானே கதி என்று சிலர் சொல்லக்கூடும். உளுந்திலும் பச்சைப்பயற்றிலும் அது பெரிதும் உண்மை. நாலு முறை காய் பறித்த காலம் போய், ஒரே அறுப்பில் இயந்திரம் விடும் வயல்கள் பெருகுகின்றன. அங்கே முதலில் முற்றிய காய், கடைசிக் காய் முற்றும் வரை வெடிக்காமல் காத்திருந்தே ஆக வேண்டும். ஆகவே பயற்றுக்கு ஒரு தேவை, எள்ளுக்கு வேறொரு தேவை. ஒரே கிராமத்தில் வாடகை இயந்திரம் எட்டும் வயலுக்கு ஒரு தேவை, எட்டாத வயலுக்கு வேறொன்று. 'வெடிக்காத இரகம்' என்று ஒரே சொல்லில் விதை கேட்பதும் கொடுப்பதும் சரியன்று. இரகக் குறிப்பில் வயது, விளைச்சல், எண்ணெய்ச் சதவீதம் எழுதுவதைப் போல, முதிர்ந்தபின் எத்தனை நாள் காய் தாங்கும், கையால் தட்டினால் எவ்வளவு கொட்டும் என்ற இரண்டையும் எண்ணாலேயே எழுத வேண்டும் என்று சங்கங்கள் கேட்க வேண்டும்.

விதையின் உரிமை பற்றியும் ஒரு சொல். காவிரிப் படுகையில் நெல் அறுத்த நிலத்தில் மின்னிப் பயறு என்று ஒன்று முளைப்பதைப் பலர் அறிவர். பூச்சிக்கும் நோய்க்கும் அசையாத சிறு பயறு அது; காய் வெடித்துச் சிதறுவதும், விதை உறங்கி ஒழுங்கின்றி முளைப்பதும் அதன் குறைகள். ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்த இனத்தின் விதைகளில் இரசாயன முறையால் திரிபு உண்டாக்கி, வெடிப்புக் குறைந்த செடி ஒன்றையும், உறக்கம் குறைந்த செடிகள் மூன்றையும் தெரிந்தெடுத்தாக 2019-இல் வெளியிட்டனர். பூச்சிமருந்து இல்லாமலே விளையக்கூடிய ஒரு புதுப் பயிரை அதிலிருந்து ஆக்க எண்ணுகிறார்கள். நல்ல வேலை, நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதில் இறங்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். நமது வரப்பில் நாம் அடுத்த பயிருக்கு இடையூறென்று பிடுங்கி எறியும் கொடியைத் தூரத்து நாட்டவர் எழுத்தெழுத்தாய்ப் படித்துக்கொண்டிருக்கையில், நாம் அதன் விதையையாவது ஒரு பானையில் எடுத்து வைக்க வேண்டாமா?

இதற்குச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. நம் நாட்டில் விதைக்கும் செடிக்கும் பேட்டண்டு இல்லை. 2001-ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டம், பதிவு பெற்ற இரகமேயாயினும் அதன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. முத்திரைப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. உழவரும் உழவர் குழுவும் தம் இரகத்தைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளவும் அதில் இடமுண்டு. வயலில் பத்து நாள் பிந்தி அறுத்தும் வெடிக்காது நின்ற ஒரு செடியை ஓர் அங்கத்தினர் கண்டால், அது ஆயிரத்தில் ஒன்றாய் வரும் இயற்கைத் திரிபாக இருக்கலாம். லாங்ஹாம் கண்டதும் அப்படி ஒரு செடியைத்தான். அதைக் களத்தில் மற்றவற்றோடு கலந்துவிடாமல் துணி கட்டித் தனியே எடுத்துச் சங்கத்தில் கொடுப்பது நன்று.

மாசிப் பட்டத்து எள் வைகாசியில் அறுப்புக்கு வரும். அதற்குள் ஒவ்வொரு கிளைச் சங்கமும் பத்து வயல்களைக் குறித்துக்கொள்ளலாம். நான்கு பக்கமும் ஒரு மீட்டர் உள்ள மரச்சட்டம் ஒன்று போதும். தறி வேலைக்குச் சட்டம் செய்யும் ஆசாரியே செய்து தருவார். அறுப்புக்கு முதல் நாளும், அறுத்த அன்றும், அடுக்கு பிரித்த பின் அந்த இடத்திலும் சட்டத்தை வைத்து உள்ளே சிந்திய மணியை எண்ணி எழுதட்டும். வயலுக்கு மூன்று இடத்தில் எண்ணினால் சராசரி கிடைக்கும். இரகத்தின் பெயர், விதைத்த தேதி, அறுத்த தேதி, அன்று வெயிலா மேகமா, கையால் அறுத்ததா இயந்திரமா என்பவற்றையும் குறித்து, ஆனி மாத நிர்வாகக் கூட்டத்துக்கு முன் காரியதரிசியிடம் சேர்ப்பிக்க வேண்டும். விதை வாங்கும் தீர்மானம் அந்தக் கூட்டத்தில்தான் வருகிறது.